வேட்டைக்குப் போன மேய்ப்பன்



கடந்த வாரம் எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒரு புகைப்படத்தை வெளியிட்டு, அதில் என் பெயரையும் இணைத்துவிட்டார். ஆரஞ்சு நிற மேலாடையும் அதே நிறத் தொப்பியும் அணிந்து, பனி படிந்த தரையில் நான் முழந்தாளிட்டிருக்கின்றேன். அருகே இறந்த மான் ஒன்று கிடக்கின்றது. கன்னியாகுமரிக் கடற்கரையில் உள்ள என் ஊரையும், குருமடத்தில் என்னுடன் பயின்ற நண்பர்களையும், வளைகுடாவிலும் கனடாவிலும் வாழும் உறவினரையும் அந்தப் படம் எட்டுவதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

அதன்பின் வந்த செய்திகளை நான் ஒன்றுவிடாமல் வாசித்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் இந்தியாவாக இருந்தால் நான் சிறையில் இருப்பேன் என்று நினைவூட்டினார்கள். ஆடுகளை மேய்க்க அனுப்பப்பட்டவன் மான்களைச் சுட்டுக்கொண்டிருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். என் சித்தி மட்டும் எழுதவில்லை; குரல்பதிவு அனுப்பினார். எழுபத்தெட்டு வயதிலும் நாள்தோறும் திருப்பலிக்குச் செல்பவர் அவர். "உயிரை எடுத்த அதே கையாலயா மக்களே நன்மை குடுக்குற?" என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி.

மற்றவர்களுக்கு விடை சொல்லாமல் இருந்துவிடலாம். சித்தியின் கேள்விக்கு அப்படி இருக்க முடியாது. ஆகவே இந்த நீண்ட பதிவு. இதை என் வழக்குரை என்று எண்ணி வாசிக்காதீர்கள். இறுதியில் நீங்கள் என்னை மன்னிக்கலாம், கண்டிக்கவும் செய்யலாம். ஆனால் எதற்காகக் கண்டிக்க வேண்டுமோ அதற்காகக் கண்டிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் நான் வாழும் இடத்தைச் சொல்லிவிடுகின்றேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர் ஒன்றில் நான் பங்குத்தந்தை. பதினெட்டு மைல் தொலைவில் உள்ள கிளைப்பங்கும் என் பொறுப்பே. சனிக்கிழமை மாலை இங்கே ஒரு திருப்பலி, ஞாயிறு காலை அங்கே ஒன்று, மீண்டும் இங்கே ஒன்று. புதன்கிழமை முதியோர் இல்லத்தில் திருப்பலி. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆலய அரங்கில் மீன் வறுவல் விருந்து. குளிர்காலத்தில் ஆலயப் படிகளில் உறைந்த பனியைச் சுரண்டுவதும், நள்ளிரவில் நின்றுபோகும் வெப்பக்கொதிகலனோடு மல்லுக்கட்டுவதும் பங்குத்தந்தையின் அருள்பணியில் அடங்கும். திங்கள் எனக்கு ஓய்வு நாள் என்று பங்கின் அறிக்கைத்தாள் கூறுகின்றது. சாவு அந்தத் தாளை வாசிப்பதில்லை.

2012-ஆம் ஆண்டு இங்கு வந்தேன். அந்த ஆண்டு நவம்பரின் ஒரு சனிக்கிழமை மாலை, ஆலயத்தில் ஏறத்தாழ பெண்களும் சிறுவர்களும் மட்டுமே இருந்தார்கள். ஊரில் ஏதோ துயரம் நிகழ்ந்துவிட்டது என்றே அஞ்சினேன். கடைசி வரிசையில் மட்டும் ஏழெட்டு ஆண்கள், தீப்பிழம்பு போன்ற ஆரஞ்சு உடையில், மறையுரை எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள். பின்னர்தான் புரிந்தது. இம்மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம், நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நீடிக்கும். ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதற்கு உரிமம் பெறுகின்றனர். பல ஆண்டுகளில் அதே வார இறுதியில்தான் கிறிஸ்து அரசர் பெருவிழாவும் வந்து சேர்கின்றது. அகில உலகின் அரசருக்கும் வெள்ளைவால் மானுக்கும் இடையே எம் பங்கு மக்கள் யாரைத் தேர்ந்தார்கள் என்பதைக் காணிக்கைத் தட்டே சொன்னது.

அடுத்த ஆண்டு முதல் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வெள்ளி மாலையில் ஒரு திருப்பலி வைத்தேன். அது ஞாயிறு கடனை நிறைவேற்றாது என்று அறிவித்தும் ஆலயம் நிறைந்தது. வேட்டைக்குச் செல்வோருக்கு ஆசி வழங்கினேன். துப்பாக்கிகளை மந்திரிக்கச் சிலர் கேட்டபோது மறுத்துவிட்டேன், இன்றும் மறுக்கின்றேன். ஆசி மனிதருக்கு உரியது, கருவிக்கு அன்று என்பது என் நிலைப்பாடு. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் இந்நாட்டுக்கு வந்த முதல் டிசம்பரில்தான், கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் நகரத் தொடக்கப் பள்ளியில் இருபது குழந்தைகளும் பணியாளர் ஆறு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரம் நான் ஆற்றிய மறையுரை என் நாவில் இன்றும் கசக்கின்றது. துப்பாக்கி விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று இந்நாட்டு ஆயர்கள் பலமுறை வலியுறுத்தியுள்ளனர். என் கருத்தும் அதுவே. அதை வேட்டைக்காரர்கள் நிறைந்த என் ஆலயத்திலேயே சொல்லியிருக்கின்றேன். அதன்பின் இரண்டு குடும்பங்கள் சில மாதங்கள் வேறு ஆலயத்துக்குச் சென்றன.

அப்படிப்பட்டவன் எப்படித் துப்பாக்கி ஏந்தினான் என்று கேட்பீர்கள்.

எம் பங்கில் எண்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் உண்டு. அவருடைய மனைவியை நான்தான் அடக்கம் செய்தேன். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தம் நிலத்துக்கு என்னை அழைப்பார். தாங்கள் எங்கே மன்றாடுகின்றோம் என்பதை அறியாமல் எப்படி மறையுரை ஆற்றுகின்றீர்கள் என்று கேட்பார். ஐந்து ஆண்டுகள் சாக்குச் சொன்னேன். நிரந்தரக் குடியுரிமை அட்டை கிடைத்தபின் சாக்கும் தீர்ந்தது. 1973-இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறாமல் இங்கே பொதுவாக உரிமம் பெற முடியாது. ஆகவே நாற்பதைக் கடந்த பங்குத்தந்தை, பன்னிரண்டு வயதுச் சிறுவர் சிறுமியருடன் ஒரே பலகையில் அமர்ந்து பாடம் கேட்டார். அவர்களுள் மூவர் என்னிடம் மறைக்கல்வி பயின்றவர்கள். தேர்வில் என்னைவிட மிகுதியான மதிப்பெண் பெற்ற செய்தியை ஊர் முழுதும் பரப்பியவர்களும் அவர்களே.

துப்பாக்கி பங்கு இல்லத்தில் இல்லை. அது அந்த விவசாயியின் வீட்டில், பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கின்றது. ஆண்டில் சில நாள்கள் மட்டுமே என் கைக்கு வரும். ஆண்டுக்கு ஒரு மான் போதும் என்று எனக்கு நானே வரம்பு வைத்துள்ளேன்.

இனி வேட்டையைப் பற்றிச் சொல்கின்றேன். நீங்கள் கற்பனை செய்வது போல் அது ஓட்டமும் துரத்தலும் அன்று. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, இருளில் நடந்து, மரத்தில் கட்டிய பரணில் ஏறி அமர வேண்டும். சட்டப்படி கதிரவன் எழ அரைமணி நேரத்துக்கு முன்புதான் சுடத் தொடங்கலாம். அதுவரையும் அதற்குப் பின்னரும் செய்வதெல்லாம் காத்திருப்பதே. சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகைக் குளிரில் அசையாமல், இருமாமல், கைப்பேசியைப் பாராமல் மூன்று மணி நேரம் அமர்ந்திருங்கள். முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் மனத்தில் ஓடும். இரண்டாம் மணியில் பழைய சினங்கள் எழும். மூன்றாம் மணியில் அவையும் ஓய்ந்து, மரங்கொத்தி ஒன்று எங்கோ தட்டும் ஒலியைக் கேட்பீர்கள். குருமடத்தில் எட்டு ஆண்டுகள் தியானம் பயின்றவன் நான். வாய் மூடிக் காத்திருக்கும் கலையை அந்தப் பரணில்தான் கற்றேன் என்பதைச் சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கின்றது.

பெரும்பாலான நாள்களில் வெறுங்கையோடு இறங்குவேன். மான் வரும் நாளில் நிகழ்வதையும் மறைக்க மாட்டேன். இதயம் செவியில் அடிக்கும். குண்டு பாய்ந்து மான் விழும் கணத்தில் மகிழ்ச்சி சிறிதும் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். மகிழ்ச்சி உண்டு. அதன் பின்னாலேயே வேறொன்றும் வரும். அருகே சென்று முழந்தாளிட்டு அந்த வெதுவெதுப்பான கழுத்தைத் தொடும்போது, ஒரு கணத்துக்கு முன்பு இங்கே இருந்த ஒன்று இப்போது இல்லை என்பது விளங்கும். அதைச் செய்தவன் நான். நீங்கள் கண்ட புகைப்படம் அந்த நேரத்தில்தான் எடுக்கப்பட்டது. வெற்றிக்களிப்பு என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நான் அப்போது மன்றாடிக்கொண்டிருந்தேன். ஆனால் படம் அதைக் காட்டாது. உங்கள் மேல் எனக்குக் குறையில்லை.

ஒருமுறை என் குண்டு சற்றுப் பின்னால் பட்டது. காயமுற்ற மான் புதருக்குள் மறைந்தது. பனியில் சொட்டியிருந்த குருதியைத் தொடர்ந்து இருட்டும் வரையும், இருட்டியபின் விளக்கோடும் தேடினோம். மறுநாள் காலையில்தான் கண்டோம்; அதற்குள் கொயோட்டி என்னும் காட்டு நாய்கள் உண்டிருந்தன. அந்த ஆண்டு நான் மீண்டும் பரண் ஏறவில்லை. இப்போது பருவத்துக்கு முன் பல வாரங்கள் பயிற்சி செய்கின்றேன். உறுதியில்லாத தொலைவில் சுடுவதில்லை. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு எதிரானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கின்றது. உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதை அது அனுமதிக்கவும் செய்கின்றது. அன்று அந்தப் புதரில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

கொல்வது சரியா என்ற கேள்விக்கு வருகின்றேன். நான் மீனவர் மகன். என் அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனார். கரைக்கு வந்த சாளையும் நெத்திலியும் மணலில் துடித்து அடங்குவதைப் பார்த்தே வளர்ந்தோம். எங்கள் ஊரில் எவரும் அதைக் கொலை என்று சொன்னதில்லை. அந்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கும் சென்றது. அந்தப் பணத்தில் குருக்களும் உண்டார்கள். திருத்தூதர் பேதுரு வலை வீசியவர் என்பதில் எமக்குப் பெருமை வேறு. மீன் அழுவது நம் காதுக்குக் கேட்பதில்லை. மானுக்கோ பெரிய கண்கள். நம் இரக்கம் பல வேளைகளில் விலங்கின் முகத்தைப் பொறுத்தே அமைகின்றது.

புலால் மறுத்தவர்கள் என்னைக் கேள்வி கேட்டால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்த மொழி நம்முடையது. அதே மொழிதான் குறிஞ்சி நிலத்து வேட்டுவரைப் பாடியது; வேடர் குலத்துக் கண்ணப்பரை அடியாராக வணங்கியது. என் மாவட்டத்திலேயே கன்னியாகுமரி பகவதி அம்மன், விசயதசமி அன்று பரிவேட்டைக்கு எழுந்தருள்கின்றாள். இந்த இரு மரபுகளும் நம் வீட்டில்தான் உள்ளன. ஆனால் ஞாயிறுதோறும் கோழிக்கடை வரிசையில் நின்றுவிட்டு என் மானுக்காகக் கண்ணீர் வடிப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். உங்கள் பையில் இருக்கும் கோழிக்கும் கழுத்து இருந்தது. அறுத்தவர் வேறொருவர், அவ்வளவே வேறுபாடு. அவருக்குக் கூலி கொடுத்து, அவருடைய கையை மட்டும் கறைபட்ட கையாக எண்ணுவது நீதியாகாது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. அது நல்ல சட்டம்; நம் காடுகளுக்கு அது தேவை. இங்கே நிலைமை வேறு. விஸ்கான்சினில் 1960 வாக்கில் மனிதர்கள் ஓநாய்களை முற்றாக அழித்துவிட்டார்கள். பின்னர் அண்டை மாநிலமான மினசோட்டாவிலிருந்து அவை மெல்லத் திரும்பி வந்தன. ஆயினும் தென்பகுதியின் வயல்வெளிகளில் மானை அடக்கும் கொன்றுண்ணி ஏறத்தாழ இல்லை. பெருகிய மான்கள் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் பல்லாயிரம் மான்கள் வண்டிகளில் மோதுகின்றன. மூளையைச் சிதைக்கும் நலிவு நோய் ஒன்று 2002-இல் இம்மாநில மான்களிடையே கண்டறியப்பட்டு, இன்றும் பரவி வருகின்றது. அதனால் நான் வேட்டையாடும் மானின் தலையைச் சோதனைக்கு ஒப்படைத்து, முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடுவதில்லை. காட்டுமான் இறைச்சியை விற்பது இங்கே சட்டவிரோதம், உண்ணலாம், கொடுக்கலாம். என் மானில் பாதி விவசாயியின் குடும்பத்துக்கு, மீதி ஊரில் இல்லாதோருக்கு. ஆனால் காட்டைக் காக்கத்தான் வேட்டையாடுகின்றேன் என்று நான் சொல்ல மாட்டேன். நான் போகாவிட்டாலும் காடு பிழைக்கும். எனக்குப் பிடித்திருக்கின்றது என்பதால் போகின்றேன்.

அடுத்து, குருவுக்கு வேட்டை தகுமா என்ற கேள்வி. திருச்சபை இதை நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் எவரும் வேட்டையாடக் கூடாது, வேட்டை நாயோ பறவையோ வைத்திருக்கவும் கூடாது என்று விதித்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 138-ஆம் பிரிவில் இதைச் சற்றே தளர்த்தியது: குருக்கள் வேட்டையில் மூழ்கிவிடலாகாது, ஆரவார வேட்டையிலோ ஒருபோதும் ஈடுபடலாகாது. குதிரையும் நாய்க்கூட்டமும் கொம்பொலியுமாய்ச் செல்வது ஆரவார வேட்டை. தனியே அமைதியாகச் செல்வது மற்றொன்று என்று சட்ட அறிஞர்கள் விளக்கினர். இப்போது நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டின் தொகுப்பு வேட்டையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. குருத்துவ நிலைக்குப் பொருந்தாதவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று 285-ஆம் பிரிவில் பொதுவாகச் சொல்லி நிறுத்துகின்றது.

சட்டம் தளர்ந்துவிட்டது, ஆகவே எனக்குத் தடையில்லை என்று இங்கே முடித்துவிடலாம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் முடித்துக்கொண்டேன். ஆங்கிலிக்கத் திருச்சபை வரலாற்றில் ஒரு நிகழ்வு உண்டு. 1621-இல் காண்டர்பரி பேராயர் ஜார்ஜ் ஆபட், மானை நோக்கிக் குறுக்குவில்லால் எய்த அம்பு தவறிக் காவலர் ஒருவர்மேல் பாய்ந்து, அவர் இறந்தார். அரசர் பேராயரை மன்னித்தார். ஆனால் புதிதாக ஆயர்களாகத் தெரிவு செய்யப்பட்டவர்களுள் சிலர், அந்தக் கையால் திருநிலைப்பாடு பெற மாட்டோம் என மறுத்துவிட்டனர். சித்தி, நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அவர்களும் கேட்டிருக்கின்றார்கள்.

எனக்கு அத்தகைய விபத்து நேரவில்லை. ஆனால் என் வேட்டையாலும் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது. அதைச் சொல்லவே இதுவரை சுற்றி வந்தேன்.

2021 நவம்பர் 20, சனிக்கிழமை. வேட்டைப் பருவத்தின் முதல் நாள். வழக்கம்போல் இருளில் பரண் ஏறினேன். ஒளியோ ஒலியோ மானை விரட்டும் என்று கைப்பேசியை வண்டியிலேயே விட்டுவிட்டேன். எட்டரை மணியளவில் மான் கிடைத்தது. குடல் நீக்கி, இழுத்து வந்து, வண்டியில் ஏற்றிக் கைப்பேசியை எடுத்தபோது மணி பத்தரை. ஒரே எண்ணிலிருந்து ஐந்து அழைப்புகள். முதலாவது ஏழு மணிக்கு வந்தது.

முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியின் மகள் அழைத்திருந்தார். இரவில் தாயின் மூச்சு மாறிவிட்டது. குருவானவர் வர வேண்டும் என்று தாயே கேட்டிருந்தார். புதன்கிழமைத் திருப்பலியில் முதல் இருக்கையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, நான் தமிழ் உச்சரிப்பில் சொல்லும் ஆங்கிலத்தைக் கேட்டுப் புன்னகைப்பவர் அவர். சட்டைக் கையில் குருதியோடும், வண்டியின் பின்புறம் மானோடும் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் அவர் இறந்துவிட்டிருந்தார். நோயில்பூசுதல் இல்லை, வழியுணவாக நற்கருணை இல்லை. இரண்டு மணி நேரம் அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒரு செவிலியர் பின்னர் எனக்குச் சொன்னார்.

அந்த மகள் என்னைத் திட்டவில்லை. வேட்டை முதல் நாள் என்பது நினைவிருந்தது தந்தையே, அதனால்தான் தொந்தரவு செய்யத் தயங்கி விடியும்வரை பொறுத்திருந்தோம் என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பொழுதுபோக்கு ஊருக்குத் தெரிந்திருக்கின்றது. அது தெரிந்திருந்ததாலேயே, சாகும் தாயின் படுக்கையருகே இருந்த மகள், தம் பங்குத்தந்தையை அழைக்கத் தயங்கியிருக்கின்றார். இறைவன் அந்த மூதாட்டியைக் கைவிட்டிருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகின்றேன். அவரைக் கைவிட்டவன் நான்.

மறுநாள் கிறிஸ்து அரசர் பெருவிழா. ஆயத்தம் செய்திருந்த மறையுரையை மடித்து வைத்துவிட்டு, நடந்ததை மக்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆரஞ்சு உடையினர் அமர்ந்திருந்த பின்வரிசையில் ஓர் அசைவும் இல்லை. திருப்பலி முடிந்து அந்த விவசாயி என்னிடம் வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பால் கறக்கும் வீட்டில் நாங்கள் வேட்டைக்குப் போகும் முன், மாடுகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவோம் என்று மட்டும் சொன்னார். ஐம்பது மாடுகளுக்குச் செய்யும் ஏற்பாட்டை நான் நானூறு குடும்பங்களுக்குச் செய்திருக்கவில்லை.

அதன்பின்தான் அந்தப் பழைய சட்டம் எனக்கு விளங்கியது. குருவின் வேட்டையில் திருச்சபை கண்ட குறை குருதி மட்டுமன்று. மானைத் துரத்திச் செல்பவன் பின்னால் ஆட்டை விட்டுச் செல்கின்றான் என்பதும் அதன் கவலை. இன்றைய சட்டத்தில் வேட்டை பற்றிய பிரிவு மறைந்துவிட்டது. ஆனால் பங்குத்தந்தையின் கடமைகளைக் கூறும் 529-ஆம் பிரிவு மறையவில்லை. நோயுற்றோரை, குறிப்பாக இறக்கும் தறுவாயில் இருப்போரை, அருளடையாளங்களால் திடப்படுத்த வேண்டும் என்கிறது அது. அந்தச் சனிக்கிழமை நான் மீறியது அதைத்தான்.

ஆகவே, "சாமியார் வேட்டையாடலாமா?" என்ற கேள்வியைச் சற்றே மாற்றிக் கேளுங்கள் என்று உங்களை வேண்டுகின்றேன். அவர் காட்டில் இருக்கும் நேரத்தில் அவருடைய ஆடுகளுக்கு யார் இருக்கின்றார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் துப்பாக்கி தேவையில்லை, எங்கும் பொருந்தும். நம் தமிழில் வேட்டைகள் பல. பண வேட்டை உண்டு, பதவி வேட்டை உண்டு. இப்போது விருப்பக்குறி வேட்டையும் சேர்ந்துள்ளது. நன்கொடைக்காக ஆண்டில் நான்கு மாதம் நாடு நாடாகச் சுற்றும் குருவும், கோபுரத்தை உயர்த்துவதில் மூழ்கிப் படுக்கையில் கிடப்போரை மறக்கும் குருவும், நாள்தோறும் காணொளி வெளியிட்டு வாசலில் நிற்பவரைக் காக்க வைக்கும் குருவும் மானைச் சுடுவதில்லை. ஆனால் பழைய சட்டம் விலக்கிய ஆரவார வேட்டை அதுதான் என்று எனக்குத் தோன்றுகின்றது. இவ்வளவு நீண்ட பதிவை எழுதும் நானும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை.

அப்படியானால் நான் ஏன் வேட்டையை விட்டுவிடவில்லை? அடுத்த ஆண்டு போகவில்லை. துப்பாக்கியை விற்றுவிடவும் எண்ணினேன். என்னைத் தடுத்தவர் அந்த மூதாட்டியின் மகள்தான். நீங்கள் காட்டுக்கு வரவில்லையென்றால் என் தம்பி உங்களிடம் பேசவே மாட்டான் என்றார். அவர் சொன்னது உண்மை. கடந்த இருபது ஆண்டுகளில் இம்மாநிலத்தின் பாற்பண்ணைகளில் பாதிக்கும் மேல் மூடப்பட்டுவிட்டன. அவருடைய தம்பியும் மாடுகளை விற்றவர். ஆலயத்தில் என்னை நேராகப் பார்த்தும் அறியாதவர். கொட்டகையில் மானைத் தொங்கவிட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், தமக்கு உறக்கம் வருவதில்லை என்றார். அதன்பின் இரண்டு மணி நேரம் பேசினார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகின்றேன். இன்று அவர் மருத்துவ உதவி பெற்று நலமாக இருக்கின்றார். ஆண்கள் எதிரெதிரே அமர்ந்து மனம் திறப்பது அரிது. கையில் ஒரு வேலை இருந்து, பக்கத்தில் ஒருவர் நின்றால் திறக்கின்றார்கள். எங்கள் ஊர்க் கடற்கரையில் வலை பின்னும் இடத்திலும் நான் இதைக் கண்டிருக்கின்றேன்.

எனவே மீண்டும் போகின்றேன், சில ஒழுங்குகளோடு. வேட்டைப் பருவத்தின் முதல் நாளில் இப்போது நான் போவதில்லை. அன்று முதியோர் இல்லத்தில் இருக்கின்றேன். மற்ற நாள்களில், அண்டைப் பங்கின் குருவானவர் என் அழைப்புகளை ஏற்றுக்கொண்டால் மட்டுமே பரண் ஏறுகின்றேன். அவர் தூண்டில் மீன்பிடிக்கப் போகும் நாள்களில் நான் அவருடைய மக்களைப் பார்த்துக்கொள்கின்றேன். கைப்பேசி என் நெஞ்சுப் பையில் அதிர்ந்துகொண்டிருக்கும். அதனால் இதுவரை இரண்டு மான்கள் ஓடிவிட்டன. ஓடட்டும்.

லேவியர் நூலின் 17-ஆம் அதிகாரத்தில் வேட்டைக்காரருக்கென ஒரு கட்டளை உள்ளது. வேட்டையாடிய விலங்கின் குருதியைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும். ஏனெனில் உயிர் குருதியில் உள்ளது, அது இறைவனுக்கு உரியது. உறைந்த மண்ணைக் காலணியால் பெயர்த்து அதை நான் ஒவ்வொரு முறையும் செய்கின்றேன். நீங்கள் படத்தில் கண்ட நாளிலும் செய்தேன்.

சித்தி, உங்கள் கேள்வி இன்னும் என் முன் நிற்கின்றது. அதே கையால்தான் நன்மை கொடுக்கின்றேன். ஆனால் நான் ஒவ்வொரு நாளும் ஒப்புரவுக்குக் கொண்டு செல்வது மானின் குருதியை அன்று. அந்தச் சனிக்கிழமை காலை அந்தக் கை எங்கே இருந்திருக்க வேண்டுமோ, அங்கே இல்லை. அதற்காகவே இறைவனிடம் மன்னிப்பு வேண்டுகின்றேன். நீங்களும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

வாசிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பங்குத்தந்தை என்ன உண்கின்றார், எதை உடுத்துகின்றார், ஓய்வில் எங்கே போகின்றார் என்று வேவு பார்க்காதீர்கள். அவருக்கும் ஒரு பரண் தேவை. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது, இன்று சாமிக்கு ஓய்வு நாளாயிற்றே என்று விடியும்வரை பொறுத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அழையுங்கள். எடுக்காவிட்டால் மீண்டும் அழையுங்கள். அப்படியும் எடுக்காவிட்டால், மறுநாள் அவர் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்வி உங்கள் உரிமை. எங்களைக் காப்பாற்றுவதும் அதுதான்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக.